மைதானச் சுவரில் ஓவியம் வரைந்தால் கோஷம் அடங்குமா?

இங்கிலாந்தில் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தங்கியிருக்கும் ஊரில், கால்பந்து மைதானத்துக்குப் போகும் வழியில், தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்புக்கு எதிராக ஒரு பெரிய சுவரோவியம் வரைய நிதி திரட்டுகிறார்களாம். "இதனால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா, இல்லை எல்லோரும் போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்வதோடு சரியா? பத்து பவுண்டு கொடுக்கலாமா?" என்பது கேள்வி. பத்து பவுண்டு அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை கேலரியில் நின்று அசிங்கமாகக் கத்துகிற ஆள் ஒரு படத்தைப் பார்த்துத் திருந்துவானா என்பதுதான் அவர் கேட்க வந்தது.

திருந்தமாட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிடிக்காமலும் வாய் திறக்காமலும் இருக்கிற நாலு பேர் விஷயத்தில் ஓவியத்துக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்து, பல வருடமாகச் சுவரோவிய வேலையில் இருப்பவன். நகராட்சிகளுக்கு, பள்ளிகளுக்கு, சில சின்ன கிளப்புகளுக்கு வரைந்திருக்கிறேன். சமூகவியல் ஆய்வாளன் இல்லை. சுவரைப் பற்றியும், சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களைப் பற்றியும் என்னால் பேச முடியும். அதற்கு மேல் சொல்வதையெல்லாம் ஒரு ரசிகனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் மைதானங்களுக்குப் போகாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பிரைட்டன் நகரில் தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் என்று பெயர் இருப்பதால், அந்த அணி எங்கே போனாலும் அதன் ரசிகர்களைப் பார்த்து எதிரணிக் கேலரி மொத்தமும் ராகம் போட்டுக் கேலி செய்வது பல வருட வழக்கம். செல்சி அணியைச் சீண்டுவதற்கென்றே ஆண் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் ஒரு கோஷம் இருக்கிறது. "சும்மா கலாய்க்கிறோம்" என்று நெடுங்காலம் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜனவரியில்தான் அரசு வழக்கறிஞர் துறை அதை வெறுப்புக் குற்றமாகக் கருதலாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. கத்துகிற பத்தாயிரம் பேரும் தன்பாலீர்ப்பாளர்களை வெறுப்பவர்களா என்றால் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் கத்துகிறான், இவனும் கத்துகிறான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கிலாந்தில் இது பற்றி யார் எதை வரைந்தாலும் ஒரு முகம் வந்து நிற்கும். ஜஸ்டின் ஃபஷானு. 1961-இல் லண்டனில் பிறந்து, குழந்தைகள் இல்லத்தில் இருந்து, பிறகு நார்ஃபோக்கில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் தம்பி ஜானோடு வளர்ந்தவர். 1980 பிப்ரவரியில் நார்விச் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக அவர் போட்ட கோலைப் பழைய வீடியோவில் பாருங்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், வந்த பந்தை வலது காலால் லேசாகத் தட்டி மேலே எழுப்பி, அப்படியே திரும்பி, அது தரையில் விழுவதற்குள் இடது காலால் அடிக்கிறார். அப்புறம் ஓடவில்லை, குதிக்கவில்லை. ஒரு விரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டுகிறார். அந்த ஆட்டத்தில் நார்விச் 5-3 என்று தோற்றது. ஆனால் பிபிசியின் அந்த வருடத்துச் சிறந்த கோல் அதுதான். மறு வருடம் பத்து லட்சம் பவுண்டு விலைக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனார். அந்த விலைக்குப் போன முதல் பிரிட்டிஷ் கறுப்பின வீரர்.

அங்கே மேனேஜர் பிரையன் கிளஃப். ஃபஷானு தன்பாலீர்ப்பாளர்களின் கிளப்புகளுக்குப் போகிறார் என்று காதில் விழுந்ததும் அவரைப் பயிற்சிக்கு வரவேண்டாம் என்றார். மீறி வந்தபோது போலீஸை வைத்து வெளியேற்றினார். 1990 அக்டோபரில் 'தி சன்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஃபஷானு தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். சொந்தத் தம்பியே பத்திரிகையில் அவரைத் தள்ளிவைத்துப் பேசினார். 1998 மே மாதம் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அமெரிக்காவில் அவர் மீது ஒரு பாலியல் புகார் எழுந்திருந்தது. அவர் மறுத்தார், நீதிமன்றம் வரை போகவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முகத்தைச் சுவரில் பெரிதாக வரைகிறபோது அதன் முழு வாழ்க்கையும் கூடவே சுவரேறும். யாராவது ஒருவர் வந்து "இவரைப் பற்றி இப்படி ஒரு செய்தி உண்டே" என்று கேட்பார். பதில் தெரியாமல் வரையப் போகக்கூடாது. அவருக்குப் பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே தன்னை வெளிப்படுத்திக்கொண்ட அடுத்த பிரிட்டிஷ் தொழில்முறை ஆண் வீரர் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அது 2022 மே. அப்போது அவருக்கு வயது 17. நடுவில் 32 வருடம் காலி.

அந்த விரல் தூக்கிய உருவத்தை நார்விச் ரசிகர்கள் தாங்களே துணியில் வரைந்து கேலரியில் பிடிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்து யாரும் உபதேசம் செய்யவில்லை. "இவன் எங்க ஆளு, எங்க கோல்" என்கிறார்கள். அந்தப் படத்தைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் அந்தக் கோலையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். நார்விச்காரன் ஒருவன் அதற்கு லேசில் துணியமாட்டான். பொதுக்கலையின் பலம் என்று நான் நம்புவது இதைத்தான்.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கீழ்நிலை லீக் கிளப்பின் வெளிச்சுவரில், ரசிகர் கூட்டத்தையே வரைவது என்று முடிவு. நாற்பது முகங்கள்: கிழவர், சிறுமி, சக்கர நாற்காலிக்காரர், டீ ஃப்ளாஸ்க்கோடு ஒரு அம்மா. மூன்றாவது வரிசையில் இரண்டு ஆண்கள் கை கோத்து நிற்கிறார்கள். ஸ்கெட்சைப் பார்த்த நிர்வாகத்திலிருந்து ஒருவர் ரொம்ப மரியாதையாக, "அந்தக் கைகளை மட்டும் கொஞ்சம் விலக்கி வைக்கலாமா?" என்றார். நாற்பது முகத்தில் அவர் கண்ணுக்குப் பட்டது அது ஒன்றுதான். ரசிகர் சங்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், "அப்படியென்றால் என்னையும் என் மனைவியையும்கூட விலக்கி வையுங்கள், நாங்களும் கை கோத்துத்தானே நிற்கிறோம்" என்றார். அதற்கப்புறம் பேச்சு எழவில்லை. கைகள் அப்படியே சுவருக்குப் போயின.

அந்தச் சுவரில் வேலை செய்த நாட்களில் மேட்ச் நாளும் வரும். வரைவதற்காக எங்களை உயரத்துக்குத் தூக்கும் லிஃப்டில் நின்றபடி கீழே போகிற கூட்டத்தைப் பார்ப்போம். ஆறேழு பேராகச் சேர்ந்து வருகிறவர்கள் ஏதாவது சத்தமாக அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். தனியாக வருகிறவர்தான் நிற்பார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மூன்றாவது வரிசையைக் கண்டுபிடிப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். சிலர் ஆட்டம் முடிந்து திரும்பும்போது மறுபடியும் நிற்பார்கள். இதை வைத்துப் பெரிய முடிவெல்லாம் எடுக்க முடியாது. ஆனால் கோஷம் போடுவது கூட்டம், படம் பார்ப்பது தனி ஆள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

இனி, எந்த மாதிரிப் படம் என்ற விஷயம். பலருக்கும் முதலில் தோன்றுவது முத்தம். 2017 ஏப்ரலில், பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் மோதவிருந்த வாரத்தில், டிவிபாய் என்ற இத்தாலியத் தெரு ஓவியர் மெஸ்ஸியும் ரொனால்டோவும் முத்தமிடும் படத்தைப் பார்சிலோனாவின் பிரதான வீதியில் ஒட்டினார். உலகம் முழுக்கப் பரவியது. பெர்லின் சுவரில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிடும் ஓவியத்தின் வாரிசு என்று பார்த்தவுடனே தெரியும். எனக்கு இந்தப் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. பார்ப்பவன் ஏன் சிரிக்கிறான்? இரண்டு பரம எதிரிகள் ஒன்றுசேர்ந்தார்கள் என்றா, இல்லை இரண்டு ஆண்கள் முத்தமிடுகிறார்கள் என்றா? இரண்டாவது காரணத்துக்காகச் சிரித்தால், எந்தக் கேலியை எதிர்க்க வந்ததோ அதே கேலிக்குத்தான் படம் தீனி போடுகிறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. எதிரணியைத் தன்பாலீர்ப்பாளர் என்று வரைந்து காட்டுவது கேலரிகளில் பழைய வசவு. 2014 மார்ச்சில் மியூனிக்கின் அலையன்ஸ் அரீனாவில், ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில், பேயர்ன் ரசிகர்களில் சிலர் ஆர்சனல் வீரர் மெஸுட் ஓசிலை அந்த அணியின் சின்னமான பீரங்கியோடு சேர்த்து அப்படிக் கேவலமாக வரைந்து ஒரு பேனர் தூக்கினார்கள். ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ அபராதம் போட்டது, அடுத்த ஆட்டத்துக்குக் கேலரியின் ஒரு பகுதியை மூட வைத்தது. அந்தப் பேனரும் கையால் வரைந்ததுதான், அதற்குப் பின்னாலும் உழைப்பு இருந்தது. படம் வரைவதாலேயே நல்லது வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே மைதானத்தின் மீதிக் கதையும் பார்க்கத் தக்கது. அதன் வெளிப்புறம் முழுக்கக் காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகள், உள்ளிருந்து விளக்கு எரியும். நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் தெரியும், அதனால் அதுவே ஒரு பிரம்மாண்டப் பொதுக்கலை. 2016-இல், அதாவது அந்தப் பேனருக்கு இரண்டு வருடம் கழித்து, மியூனிக்கில் தன்பாலீர்ப்பாளர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலத்தை ஒட்டி பேயர்ன் கிளப் அதை அவர்களின் அடையாளமான வானவில் நிறத்தில் ஒளிரவிட்டது. 2021 ஜூனில் ஹங்கேரி நாடாளுமன்றம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தன்பாலீர்ப்பு பற்றிக் காட்டுவதையும் கற்பிப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் போட்டது. சில நாட்களில் ஜெர்மனியும் ஹங்கேரியும் யூரோ கோப்பையில் அங்கே மோத வேண்டும். மைதானத்தை வானவில்லாக்க வேண்டும் என்று மேயர் டீட்டர் ரைட்டர் கேட்டார். அது ஒரு நாட்டின் அரசியல் முடிவைக் குறிவைப்பதாக இருக்கிறது என்று யூஈஎஃப்ஏ மறுத்தது. கூடவே தன் சின்னத்தை மட்டும் வானவில் நிறத்தில் போட்டுக்கொண்டது.

ஜூன் 23 அன்று மைதானம் வழக்கம்போல இருந்தது. ஆனால் வாசலில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வானவில் கொடிகளை விநியோகித்தார்கள், கொலோனிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பெர்லினிலும் இருந்த வேறு மைதானங்கள் ஒளிர்ந்தன, ஹங்கேரியின் தேசிய கீதம் ஒலிக்கும்போது ஒருவர் வானவில் கொடியோடு ஆடுகளத்துக்குள் ஓடினார். ஆட்டம் 2-2. அனுமதி கொடுத்திருந்தால் ஒரு மாலைச் செய்தியோடு முடிந்திருக்கும். தடுத்ததால் நாடு முழுக்கப் பேச்சானது. சரி, அதனால் மியூனிக் கேலரியில் எவனாவது கத்துவதை நிறுத்தினானா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. அமைப்புகளுக்கும் அரசுகளுக்கும் நடுவே நடந்த சண்டை அது, கேலரிக்கு அது எட்டவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த வருடம் கத்தார் உலகக் கோப்பையில், பாகுபாட்டுக்கு எதிராகக் கேப்டன்கள் கட்டவிருந்த 'ஒன் லவ்' கைப்பட்டைக்கும் அதே கதைதான். மஞ்சள் அட்டை விழும் என்று ஃபிஃபா சொன்னதும் ஐரோப்பிய அணிகள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டன.

கேலரிக்குள் எட்டுகிற வேலைக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜெர்மனியிலேயே இருக்கிறது. 2011-இல் பெர்லினில் டென்னிஸ் போருசியா என்ற சின்ன கிளப்பின் ரசிகர்கள் 'தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்புக்கு எதிரான ஃபுட்பால் ரசிகர்கள்' என்று ஒரு பேனர் தயாரித்தார்கள். அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளாமல் கிளப் கிளப்பாகச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் ரசிகர்களே வாங்கித் தங்கள் கேலரியில் கட்ட வேண்டும். அதாவது, ஒவ்வொரு ஊரிலும் அதைக் கட்டுவதா வேண்டாமா என்று ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு முறையாவது சண்டை போட்டுத் தீர்க்க வேண்டும். ஹாம்பர்க்கின் செயின்ட் பவுலி கிளப் இன்னும் ஒரு படி மேலே. கோர்னி லிட்மன் என்ற நாடகக்காரர், தன்பாலீர்ப்பாளர் என்று ஊருக்கே தெரிந்தவர், 2002 முதல் 2010 வரை அந்தக் கிளப்பின் தலைவராகவே இருந்தார். மைதானத்தின் உட்சுவர்களில் இரண்டு ஆண்கள் முத்தமிடும் ஓவியம் உட்பட ரசிகர்களின் வேலைகள் நிறைய. அங்கே முத்தம் கிண்டலாகத் தெரியாது, ஏனென்றால் சுவருக்கு முன்னால் நிற்கிறவர்களின் கட்சி அது. அதற்காக எல்லாக் கிளப்பும் செயின்ட் பவுலி ஆகிவிட முடியாது. அந்த ஊரே அப்படி.

பிரேசிலிலிருந்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2019 ஆகஸ்டில் ரியோவில் வாஸ்கோ அணியின் மைதானத்தில், சாவோ பாவ்லோவுக்கு எதிராக வாஸ்கோ ரசிகர்கள் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் கோஷம் போட, நடுவர் ஆட்டத்தையே நிறுத்தினார். வாஸ்கோவின் கோச் லக்சம்புர்கோ கேலரியைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று கையைக் காட்டினார். புள்ளிகளை இழக்கும் அபாயம் தலைக்கு மேல் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2021 ஜூனில், அதே கிளப் சட்டையின் குறுக்குப் பட்டையை வானவில்லாக்கியது, கார்னர் கொடிகளையும் மாற்றியது. கோல் போட்ட ஹெர்மன் கானோ மூலைக்கு ஓடி அந்தக் கொடியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். நடுவர் விதிப்படி மஞ்சள் அட்டை காட்டினார்! இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் தண்டனை பயம் வந்து கேலரியை வாயடைத்தது, அப்புறம்தான் கொடி வந்தது. தண்டனை மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. மெக்சிகோ ரசிகர்கள் எதிரணி கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது கத்தும், தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் ஒற்றைச் சொல்லுக்காக ஃபிஃபா எத்தனையோ அபராதம் போட்டது, காலி மைதானத்தில் ஆட வைத்தது. அப்படியும் 2023 ஜூனில் லாஸ் வேகஸில் அமெரிக்காவுடனான ஆட்டத்தை நடுவர் முன்கூட்டியே முடிக்க வேண்டி வந்தது.

ஓவியம் சிதைக்கப்படும் என்ற பயம் பற்றியும் கொஞ்சம். பெரும்பாலும் சிதைக்கப்படும். போலந்தின் வார்சாவில் யூலிதா வுய்சிக் என்ற கலைஞர் ஆயிரக்கணக்கான செயற்கைப் பூக்களால் செய்த வானவில் வளைவு, 2012-இல் யூரோ கோப்பை அங்கே நடந்த கோடையில் ஒரு சதுக்கத்தில் வைக்கப்பட்டது. இது எல்லோருக்குமான வானவில் என்றுதான் அவர் சொன்னார். பல முறை எரித்தார்கள். 2013 நவம்பர் 11-இல், ஃபுட்பால் முரடர்களும் கலந்துகொள்ளும் தேசியவாத ஊர்வலத்தின்போது மறுபடியும் எரித்தார்கள். மறுநாளிலிருந்து மக்கள் வந்து கருகிய இரும்புச் சட்டத்தில் பூச்செருகினார்கள். 2015-இல் அகற்றும்வரை ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டினார்கள். மான்செஸ்டரில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் ஓவியம் 2021 யூரோ இறுதி ஆட்டத்தின் இரவில் கெடுக்கப்பட்டபோதும் இப்படித்தான், மறுநாளே சுவர் தெரியாத அளவுக்குக் காகித இதயங்களையும் கடிதங்களையும் ஒட்டினார்கள். இனவெறி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு போலீஸ், எழுதியிருந்தது இனவெறி வாசகமாகத் தெரியவில்லை என்றது. சிதைத்தவன் மனதில் என்ன இருந்தது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பிறகு வந்து நின்றவர்கள் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆக, நிச்சயமாகச் சொல்லக்கூடியது குறைவுதான். கேஷ்மோர், கிளேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த சுமார் 3,500 பேரில் 93 சதவீதம் கால்பந்தில் இந்த வெறுப்புக்கு இடமில்லை என்றார்கள். இணையத்தில் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். முக்கால்வாசி உண்மை என்றாலும், கேலரியில் பெரும்பான்மை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று ஆகிறது. அந்தப் பெரும்பான்மைக்குத் தாங்கள் தனி ஆள் இல்லை என்று சுவர் காட்டிக்கொடுக்கிறது என்பது என் நம்பிக்கை, நிரூபணம் இல்லை. ஒரு மைதானத்தில் கோஷம் குறைந்தால் அதற்குக் காரணம் ஓவியமா, கேமராவா, புதுத் தலைமுறையா என்று பிரித்துப் பார்க்க வழியும் இல்லை.

உங்கள் பத்து பவுண்டுக்கு வருகிறேன். கொடுக்கும் முன் அமைப்பாளர்களிடம் பேசுங்கள். ஸ்கெட்சை யார் முடிவு செய்தது, கேலரியில் நிற்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று கேளுங்கள். கிளப்பின் விளம்பரப் பிரிவும் ஒரு ஏஜென்சியும் மட்டும் என்றால் எனக்கு ஆர்வம் குறையும். படத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிகிற ஏதாவது இருக்கிறதா, ஒரு பழைய கோலோ, ஒரு ஸ்கார்ஃபோ, ஒரு பஸ் நம்பரோ? வெறும் வானவில் கோடுகள் என்றால் பரவாயில்லை, ஆனால் அதை எந்த ஊரிலும் ஒட்டலாம். அப்புறம் பராமரிப்புக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இதை யாருமே கேட்பதில்லை. கிறுக்கலைத் தடுக்கும் பூச்சு இரண்டு வகை. மெழுகு போன்றது மலிவு. வெந்நீர் அடித்துக் கழுவினால் கிறுக்கலோடு அதுவும் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். நிரந்தரமானது விலை அதிகம், பல முறை கழுவலாம். ஆனால் இங்கிருக்கும் பழைய செங்கல் சுவரில் அதைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு ஓவியம் செதில் செதிலாக உரியும். சுவர் எந்தத் திசை பார்க்கிறது, கிறுக்கினால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், யார் ஃபோன் எடுப்பார்கள் என்பதற்கெல்லாம் அவர்களிடம் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அவர்களின் அடுத்த கூட்டத்துக்குப் போய் இதே கேள்வியை எழுந்து நின்று கேளுங்கள்.